நகத்துக்குத் தெரிந்த கீறல்

என் தங்கையைக் கட்டிக்கொண்டவனே, அதற்கும் முன்பே எனக்குக் கூட்டாளியாக இருந்தவனே, மாப்பிள்ளை முத்தையா,

நீ போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் உன் கையைப் பற்றியே பேசுகிறார்கள். "என்னா கைங்க அது!" என்கிறார்கள். ஆயுசில் பாதியைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தே கழித்தவன் நான். என் கையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. செத்துப்போனவனைப் பார்த்துப் பொறாமைப்படலாமா? நான் படுகிறேன்.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ துரைமார் கைத்துப்பாக்கி சுட்டுப் பழகும் கிளப்பில் ஸ்டோர்க்காரன். அவர்கள் சுட்டுப்போட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, எருமைச் சந்தைப் பக்கம் இருந்த உன் வீட்டுக்குக் கொண்டுவந்து துலக்குவாய். பிறகு கிளப்பில் உட்கார்ந்து அதே கூட்டில் புதிதாக வெடிமருந்தும் ஈயக் குண்டும் வைத்துக் கொடுப்பாய். புதுத் தோட்டாவோடு சீமைக் கப்பல் வரும்வரை அவர்களுக்குப் பொறுமை ஏது?

அந்தத் தோட்டாக்கள் முதலில் குறிப்பலகை முழுக்கச் சிதறின. நீ என்னிடம் வந்து கேட்டாய். "மருந்து எடையிலதான்டா கோளாறு" என்று பள்ளிக்கூடத்துத் தராசைத் தூக்கி வந்தேன். ஒவ்வொரு சிட்டிகையையும் நிறுத்துப் போட்டோம். சிதறல் கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. இனி அது சுடுகிறவன் கைக்கோளாறு என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

நீ விடவில்லை. ஒரு முறை சுட்ட கூடு, இரண்டு முறை சுட்டது, மூன்று முறை சுட்டது என்று பிஸ்கட் டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டாய். எதற்கு என்று கேட்டேன். "புதுச் செருப்பும் பழஞ்செருப்பும் ஒரே மாதிரியா காலைப் புடிக்கும், மச்சான்? சுடச் சுடப் பித்தளை இறுகுது. குண்டைப் புடிக்கிற பிடி மாறுது" என்றாய்.

எனக்கு உடனே புரிந்தது. ஒன்றாம் வகுப்புப் பையனையும் ஐந்தாம் வகுப்புப் பையனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? இந்த உதாரணம் எனக்கு அந்த நிமிஷமே தோன்றியது. ஆனால் அதற்குரிய யோசனை உனக்கல்லவா தோன்றியிருந்தது!

ஒரே டப்பாக் கூடுகளில் அடைத்த ஆறு தோட்டாக்களைத் துரை சுட்டார். ஆறு ஓட்டைகளையும் ஒரு வெற்றிலையால் மூடிவிடலாம். அவர் உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன்.

மறு வாரம் பந்தயம். அதற்கு முன் ஒரு பிற்பகலில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். தங்கை காமாட்சி எனக்குக் காப்பி போட உள்ளே போனாள். நான் இரண்டு டப்பாக்களைத் திறந்தேன். ஒரு முறை சுட்ட கூடுகளையும் ஐந்து முறை சுட்ட கூடுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, பாதிப் பாதியாகப் போட்டு மூடிவைத்தேன். அப்புறம் காப்பியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பந்தயத்தில் எல்லாம் சிதறும் என்று காத்திருந்தேன். சிதறவில்லை. மறுபடியும் வெற்றிலை அளவுதான். அதிலிருந்து எனக்கு ஒரே தைரியம். கலந்தாலும் ஒன்று, பிரித்தாலும் ஒன்று, இவனுக்கு வாய்த்தது வெறும் அதிர்ஷ்டம் என்று முடிவுகட்டினேன். எத்தனை வருஷம் உன்னைக் கேலி செய்தேன்! "என்ன மாப்ளே, டப்பா சாஸ்திரம் எப்படி இருக்கு?" நீ சிரிப்பாய். "இருக்குங்க வாத்தியாரே" என்பாய்.

இனி நீ அறியாத சேதி. ஸ்டோரில் உன் இடத்துக்கு வந்திருக்கும் புதுக் கிராணி, உன் வீட்டிலிருந்து டப்பாக்களை எடுத்துப்போக வந்தபோது, "எதுக்குங்க ஐயா இத்தனை டப்பா?" என்று என்னைக் கேட்டான். "எல்லாத்தையும் ஒரே சாக்குல கொட்டுப்பா" என்றேன். கொட்டினான். அதில் அடைத்த தோட்டாக்கள் போன சனிக்கிழமை பலகையெங்கும் போய் விழுந்தன. கிழவன் விட்டுப்போனதெல்லாம் குப்பை, வரும் சனிக்கிழமை கடலில் கொட்டுங்கள் என்று துரை சொல்லிவிட்டாராம்.

அதைக் கேட்டுக் காமாட்சி என் வீட்டுக்கு ஓடிவந்தாள். கையில், வீட்டில் தப்பிக்கிடந்த ஒரு கூடு.

"அடி விளிம்புல நகத்தை வெச்சுப் பாருண்ணே."

வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத கீறல். அடுத்தடுத்து மூன்று.

"சுட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் அரத்தால ஒரு கீறு போடுவாரு. முன்னே ஒருவாட்டி பந்தயத்துக்கு முன்னாடி ரெண்டு டப்பா கலந்துபோச்சு. ரெண்டு பேரும் உக்காந்து நகத்தாலயே பிரிச்சோம். யாருங்க இந்த வேலை பண்ணதுன்னு கேட்டேன். எலின்னாரு."

"எலியா?"

"எலி எப்படிங்க மூடியைத் தொறக்கும்னேன். 'இது படிச்ச எலி, காமாட்சி'ன்னு சொல்லிட்டு அப்படிச் சிரிச்சாரு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலண்ணே."

கூட்டை வாங்கிக்கொண்டு நேரே கிளப்புக்குப் போனேன்.

மூன்று நாளாகக் கிளப் ஸ்டோரில் உட்கார்ந்து சாக்கைப் பிரிக்கிறேன். நகம் தேய்ந்துவிட்டது. உண்மையைச் சொல்லட்டுமா? உன் தப்பு ஒன்றாவது அகப்படாதா என்று தேடினேன். ஒரு கீறலாவது இடம் மாறியிருக்காதா? இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. கை உனக்கு, யோசனை உனக்கு, இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்கும் மனசும் உனக்கேவா? அதில் ஒன்றையாவது எனக்கு விட்டுவைத்திருக்கக் கூடாதா?

நாளை சனிக்கிழமை. ஒரே டப்பாவிலிருந்து ஆறு கூடுகளை எடுத்துக் கிராணியிடம் கொடுத்திருக்கிறேன். அவற்றை அவன் அடைத்துத் தருவான், துரை சுடுவார். ஓட்டைகளின் மேல் நானே வெற்றிலையை வைத்துக் காட்டுவேன். முதல் முறை கலந்ததும் நான்தான், இந்த முறை கலக்கச் சொன்னதும் நான்தான் என்று துரையிடம் கிராணி முன்னாலேயே சொல்வேன். காமாட்சியையும் அழைத்துப் போகிறேன். உன் சிரிப்பின் அர்த்தம் அவளுக்கும் தெரிய வேண்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

துரை மறுபடியும் உன்னைத்தான் புகழ்வார். நான் மறுபடியும் பக்கத்தில்தான் நிற்பேன். வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
உன் மச்சான்,
அந்தப் படிச்ச எலி.