எமன் வீட்டுச் சம்பந்தம்

மடுல்சீமை,
1971 தை மாதம்.

அன்பு மகள் பூவம்மாவுக்கு, அப்பா வாய் கொள்ளாத சிரிப்போடு எழுதுவது. கதிர்காமக் கந்தன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சியும் சுகம், அக்கரையில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். கோத்தகிரியில் பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய், பிள்ளைகளைக் காதை மூடாமல் வெளியே விடாதே. இனி விஷயத்துக்கு வருகிறேன், அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் படி.

தங்கச்சி கனகத்துக்கு ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து சம்பந்தம் வந்ததை எழுதியிருந்தேனே, பையன் சுந்தரலிங்கம், தங்கமான பிள்ளை, இவளுக்கும் அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. பாக்கு வெற்றிலை மாற்ற நாளும் பார்த்தாயிற்று. அந்த நேரம் பார்த்து, பையனின் பெரியப்பா கதிர்காமநாதன் பிரஜாவுரிமை மனுவுக்காகத் தன் பாட்டன் பெயரைத் தேடி நம்ம தோட்டத்து ஆபீசுக்கு வந்திருக்கிறார், அவர்களும் ஆதியில் இந்தத் தோட்டத்து ஆட்கள்தானே. 1911ஆம் வருசத்து ஜனக் கணக்கின் நகல் அங்கே இருந்திருக்கிறது. பெண் வீட்டையும் ஒரு பார்வை பார்ப்போம் என்று முதலில் நம்ம லயத்து வீட்டு வரிசையின் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். என் பாட்டன் கருப்பண்ணன் பெயருக்கு நேரே தொழில் என்ற இடத்தில் எமன் என்று போட்டிருக்கிறது! மனுசன் ஆடிப்போய்விட்டார். ஜெயிலில் தூக்குப் போடுகிற அலுகோசு வேலையைத்தான் அந்தக் காலத்தில் அப்படி எழுதியிருப்பார்கள் என்று தானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டு, வந்த வேலையையும் மறந்து பஸ் ஏறிவிட்டார். மறுநாளே ஆள் வந்தது, ஊரு உசுர எடுத்த குடும்பத்துல பொண்ணெடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டாராம். கனகம் சோற்றைத் தொடவில்லை. ஒங்க பரம்பரைல இன்னும் என்னென்ன இருக்கோ என்று உன் அம்மா என்மேல் பாய்ந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் ஐயா ஏட்டை விரித்தார். பாட்டன் எமன்தான், மறுப்பில்லை. ஆனால் லயத்தில் அடுத்த அறையில் இருந்த காம்பராக்காரன் மன்மதன்! அதற்கடுத்தவன் தூதன், கடைசிக் காம்பராவில் வீரபத்திரன்! பெண்களுக்கெல்லாம் கொழுந்து பறிப்பது என்று ஒழுங்காகத்தான் இருக்கிறது. மேலே பார்த்தால் மார்ச் மாதம், அதாவது நம்ம மாசி. அடடா, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடுகிற காமன் கூத்து நேரம், எமனும் தூதனும் வீரபத்திரனும் அதில் வேஷங்கள்தானே! வேஷத்துக்குக் காப்புக் கட்டியவன் காமன் எரிகிற வரைக்கும் கூத்தே கதி என்று கிடப்பான். கணக்கெடுக்க வந்த வெளியூர் ஆள் இப்போது என்ன வேலை என்று கேட்க, இவர்கள் மார்தட்டி வேஷத்தைச் சொல்ல, அவரும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். சர்க்காரிடமே வேஷத்தைச் சொல்ல நம்ம ஆட்களை விட்டால் யார் இருக்கிறார்கள் சொல்லு! அப்படியே அடுத்த லயத்தைப் புரட்டினேன். கதிர்காமநாதனின் பாட்டன் பெயருக்கு நேரே தொழில், ரதி, மன்மதன் பெண்டாட்டி வேஷம்! மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன், கிளாக்கர் ஐயா எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு பாட்டன்மாரின் வரியையும் எழுதி வாங்கிக்கொண்டு ஸ்பிரிங்வெளிக்குப் போய், கூத்துக் கதையைச் சொல்லி நீட்டினேன். கதிர்காமநாதன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். எங்க பாட்டனுக்கு இம்மாம் பெரிய மீசைன்னு சொல்வாங்களே என்று முணுமுணுத்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்தான், தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. எமனும் ரதியும் ஒண்ணா ஆடின தோட்டம், நாம யாருங்க பிரிக்கிறதுக்கு என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் வைகாசியில். ஒரே ஒரு நிபந்தனை போட்டார், வருகிற மாசிக்கு அவர் ரதி, நான் எமன். உன் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள், கனகமோ இப்போதே என் கிரீடத்துக்கு அட்டை வெட்டுகிறாள்.

கல்யாணத்துக்கு நீ கப்பலேறி வர முடியாது என்பதுதான் மனசுக்குள் அறுக்கிறது, தங்கச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் கட்டாயம் போடு. நீயும் உன் குடும்பமும் வாழையடி வாழையாகத் தழைத்திருக்க வேண்டும். இந்த வருசம் மறுபடியும் ஜனக் கணக்கு எடுக்கப் போகிறார்களாம். என்னிடம் வந்து தொழில் கேட்டால் எமன் என்றே சொல்லப் போகிறேன். அறுபது வருசம் கழித்து உன் பேரன் எவனாவது அக்கரையிலிருந்து நம்மைத் தேடி வந்தால், அவனும் மேசையைத் தட்டிச் சிரிக்கட்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
எமன் என்கிற பெரியண்ணன்.