எலுமிச்சம்பழத்தின் மேல் நின்ற கார்

வெள்ளி இரவு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அக்கா மகளின் கல்யாணக் காரைக் கோயில் வாசலில், சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழங்களின் மேலேயே நிறுத்திவிட்டேன். பழத்தை நசுக்கிவிட்டு, நிற்காமல் போக வேண்டும் என்பது முறை. பழம் பாதி நசுங்கியது, இஞ்சின் அணைந்தது, கூட்டம் "ஐயோ" என்றது.

மாப்பிள்ளையின் சித்தி ஜன்னலருகே குனிந்து, "வயசாயிருச்சுபோல. காருக்கா, ஓட்டுறவருக்கா?" என்றார். மணப்பெண் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம மறுவீட்டுக்கு வேற வேன் சொல்லிக்கிறேன்டா. நீ பின்னால பஸ்ல வா."

பஸ்ஸிலா? நானா? காரணம்தான் எனக்குத் தெளிவாகத் தெரியுமே. போன மாதம் நானே பெரிய த்ராட்டில் பாடி ஒன்றை மாட்டினேன். இஞ்சினுக்குக் காற்றை விடும் வாய் அது. வாய் அகலமானதும் ஏற்றத்தில் கார் பறக்கிறது. ஆனால் சும்மா நிற்கும்போது உள்ளேயிருக்கும் தகடு மயிரிழை திறந்தாலே காற்று அளவுக்கு மீறி உள்ளே போகிறது. காரின் கம்ப்யூட்டருக்குப் பழைய வாயின் அளவுதான் பழக்கம். அது கூட்டிக் குறைத்துத் தடுமாற, இஞ்சின் ஏறி இறங்கி உறுமுகிறது. மேடையில் பேச்சு மறந்தால் நான் இப்படித்தான் இருமுவேன்.

நாளை தகட்டின் திருகைச் சரிசெய்து, சும்மா நிற்கும்போது இஞ்சின் ஓடும் வேகத்தை, அதுதான் ஐட்லிங்கை, கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பழக்கிவிட்டால் சத்தமே தெரியாமல் ஓடும். அக்காவை ஏற்றிக்கொண்டு பிலிமத்தலாவை வரை ஒரு சுற்று போய் வந்தால் வேனை அவரே வேண்டாமென்பார். சந்தேகமே இல்லை.

வீடியோக்காரருக்குக் கையசைத்தபோது கிளட்சை மிதித்திருந்த காலையும் எடுத்துவிட்டேன், அதில்தான் இஞ்சின் அணைந்தது என்பதை மட்டும் அக்காவிடம் சொல்லப்போவதில்லை.