ஆறாவது கேள்விக்கு நான் தவறாக அடித்த டிக்

அனுப்புநர்:
பொத்தான் கடை அம்மாள்,
கடை எண் 27, பெரிய கடைத்தெரு, கிழக்குப் பக்கம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பெரிய கடைத்தெரு நடுத்தடுப்பில், என் கடைக்கும் எதிரே உள்ள தையல் கடைக்கும் நேராக ஆள் கடக்க வழி விடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தத் தெருவில் நாற்பத்தொரு வருடமாகப் பொத்தான், நூல்கண்டு, கொக்கி விற்கிறேன். எதிர்ப்பக்கம் என் தங்கையின் தையல் கடை. அவளை ஒட்டி இன்னும் நான்கு தையல் கடைகள். துணித்துண்டைக் கையில் பிடித்தபடி ரோட்டைத் தாண்டி வந்து, நிறம் வைத்துப் பார்த்துப் பொத்தான் வாங்கிப் போவார்கள். பதினான்கு காலடிதான் தூரம்.

2. போன வருடம் ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, கட்டம் போட்ட சட்டையில் உங்கள் அலுவலகத்து ஆள் ஒருவர் வந்தார். தெருவைச் சீரமைக்கப் போவதாகச் சொல்லிப் படிவம் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார், ஒன்றையும் விளக்காமல் போனார். ஆறாவது கேள்வி, "பாதசாரிகளுக்கு இடைவெளி விட வேண்டுமா?" என்று இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு. பாதசாரி என்றால் நடந்து நடந்து விற்கிறவன் என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருவன் என் வாசலிலேயே கூடையை இறக்கி, பாதி விலைக்குப் பொத்தான் விற்று என் வயிற்றில் அடித்தான். அவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "வேண்டாம்" என்ற கட்டத்தில் தாள் கிழிய டிக் அடித்தேன். என் தங்கையும் மற்றத் தையல்காரர்களும் அக்கா அடித்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அதைப் பார்த்தே அடித்தார்கள். பாதசாரி என்றால் நாங்கள்தான் என்று, கம்பி நட்ட பிறகு என் பேத்தி சொன்னாள்.

3. இப்போது நெஞ்சுயரக் கம்பி தெருக்கோடி சிக்னல் வரை ஓடுகிறது. சுற்றிப் போக அறுநூற்று முப்பது காலடி. நடைபாதை முழுக்க பைக்குகள் நிற்பதால் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். என் கடைக்கு யாரும் வருவதில்லை. தையல் கடைகளுக்கும் அதே கதிதான். தங்கைக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

4. ஏப்ரல் மூன்றாம் தேதி காலை பதினொன்றே காலுக்கு என் தங்கை மெஷின் மேலேயே சாய்ந்தாள். இங்கிருந்து பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். லாரிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பக்கத்துக் கடைகளில் ஆளும் இல்லை. சுற்றிக்கொண்டு ஓடினேன். எழுபத்திரண்டு வயதில் அதற்கு ஓட்டம் என்று பேர்தான். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

5. உங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை வந்தேன். ஜன்னலோரம் உட்காரும் தம்பி என் படிவத்தை எடுத்துக் காட்டி, "நீங்களே வேண்டாம்னு டிக் அடிச்சிருக்கீங்களேம்மா" என்று சிரித்தார். தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

6. தங்கையை அவள் மகள் தினமும் கடைக்குக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைக்கிறாள். பழகிய குரல் பக்கத்தில் இருந்து ஓயாமல் பேச வேண்டும், ஆறு மாதத்துக்குள் பேச்சு வந்தால் உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் முழங்கால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சுற்றிப் போக விடுகிறது. மீதி நேரமெல்லாம் கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் கூப்பிட்டால் இடது கையைத் தூக்குகிறாள்.

ஆகவே, ஆறாவது கேள்விக்கு என் பதிலை "வேண்டும்" என்று திருத்திக்கொண்டு, ஆள் நுழையும் அளவுக்குக் கம்பியைக் கழற்றி, அங்கே வண்டிகள் நின்று வழிவிட ரோட்டில் கோடு போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மிச்சமிருக்கும் கடைகளும் பிழைக்கும். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள், ஐயா. நாலரை மாதம் போய்விட்டது. அவளுக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது.

இடம்: பெரிய கடைத்தெரு
நாள்: ஆகஸ்ட் 18

இப்படிக்கு,
பொத்தான் கடை அம்மாள்
(என் கையாலேயே எழுதியது)