வேற ஏதாவது பயம் இருக்கா, ஐயா?

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். வழக்கமாக முதல் வரியில் எழுதிப் போடுகிற நலம் என்று நினைக்காதே, இந்தத் தடவை டாக்டரே பார்த்துச் சொன்ன நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வார்டு பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ அனுப்பிய செய்தியைப் படித்துக் காட்டி முடித்ததும், இன்னொரு தடவை படிங்க என்றாள் அம்மா. எத்தனை ஆஸ்பத்திரிக்கு எழுதினாய், ஒருத்தராவது பதில் போட்டார்களா! இந்த ஒன்றுதான், நேர்காணலில் நோயாளியிடம் எப்படி விசாரிக்கிறாய் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றது. அதற்காகத்தானே என்னைப் போனில் நோயாளியாக்கிப் பழகினாய்.

முதல் நாள் வயிற்றுவலிக்காரனாக நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார், அப்பா ஓவரா நடிக்காதீங்கன்னு நீ அலுத்துக்கொண்டாய். மறுநாள் நெஞ்சுவலிக்காரன் வேஷம் கொடுத்தாய். என்னை மாதிரி லிப்ட் ரிப்பேர்காரன் பிழைப்புதான் உனக்குத் தெரியுமே, லிப்ட் நின்றுபோன அன்றைக்கு அவன் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி, உச்சியில் இருக்கிற மோட்டார் அறைக்குப் போக வேண்டும். ஏறும்போது நெஞ்சில் யாரோ கை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது, ஸ்பானர் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்றேன். இடது கைக்குப் பரவுதா ஐயா, வேர்க்குதா ஐயா என்று எவ்வளவு பக்குவமாகக் கேட்டாய்! முடித்ததும், இன்னிக்குத்தான்ப்பா அசல் நோயாளி மாதிரியே பேசினீங்கன்னு பாராட்டினாய். அன்றைக்கு நான் நடிக்கவே இல்லை கண்ணு, பதறாமல் மேலே படி.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த உன் அம்மாவை ஏமாற்ற முடியுமா? நீ போனை வைத்ததும், எத்தனை நாளா இப்படின்னு பிடித்துக்கொண்டாள். சும்மா சொன்னேன்மா என்று சமாளித்துப் பார்த்தேன், ம்ஹூம், காலையிலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே டாக்டரும் நீ கேட்ட கேள்விகளையே கேட்டார். நான் கடகடவென்று பதில் சொல்ல, யாருங்க இவ்வளவு சொல்லிக் குடுத்ததுன்னு சிரித்தார். எங்க வீட்டு டாக்டருங்கன்னேன். ரத்தக்குழாயில் அடைப்பு, சின்னக் கம்பிவலை வைத்துத் திறந்துவிட்டார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா மாடிப்படியிலேயே விழுந்திருப்பீங்க என்றார். இப்போது நன்றாக நடக்கிறேன், அம்மா உப்பில்லாமல் சமைத்துப் போடுவதைச் சாப்பிடுவதுதான் பெரும்பாடு. உன் நேர்காணல் முடிகிறவரை அவள் வாயைக் கட்டிப்போட்டது நான்தான், அவளைத் திட்டாதே. போனில் சொன்னால் மூன்று பேரும் அழுதுகொண்டுதான் இருப்போம், அதனால்தான் கடிதம். கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டேனே என்று உனக்குள்ளே புழுங்காதே. டாக்டரிடம் போக எனக்குப் பயம், அம்மாவிடம் சொன்னால் அவளுக்குப் பயம். நீ நடிக்கச் சொன்னதால்தான் வாயைத் திறந்தேன்.

ஒவ்வொரு தடவையும் முடிக்கும்போது கேட்பாயே, வேற ஏதாவது பயம் இருக்கா ஐயா, தயங்காம சொல்லுங்கன்னு. ஒண்ணுமில்ல டாக்டரம்மா என்றேன். இப்போது ஒன்று இருக்கிறது. இதைப் படித்ததும், வரவில்லை என்று அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டு இங்கே ஓடி வந்துவிடுவாயோ என்றுதான் பயம். வராதேம்மா. உன்னைப் பார்க்காமல் எனக்குக் கண் பூத்துப்போய்க் கிடக்கிறது, ஆனாலும் வராதே. அங்கேயும் எவனாவது ஒருத்தன் வீட்டில் சொல்லாமல் மறைத்துக்கொண்டு படுத்திருப்பான், அவனிடம் போய் இதே மாதிரி கேள். பயிற்சியை முடித்துவிட்டு வந்து, உன் ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்து நீயே கேட்டுக்கொள். அதுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீ தீர்க்காயுசாக, கைராசிக்காரி என்று பேரெடுத்து வாழ வேண்டும். வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகாதே. நோயாளி ரொம்ப நன்றாக நடித்தால் மட்டும், இன்னொரு தடவை கேட்டுவிடு.

இப்படிக்கு,
உன் முதல் நோயாளி,
அப்பா