வேலூர் வரை தாங்கும் டயர்கள்

அஸ்தம்பட்டி, சேலம்
9 பிப்ரவரி 1938

சௌபாக்கியவதி வசந்தாமணிக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தை மாப்பிள்ளையின் கார்டுகளிலிருந்து தெரிந்துகொள்கிறேன். அவர் ஒரு கார்டில் மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை. அதிலும் ஒரு வரி மழைக்குப் போய்விடுகிறது.

முதலில் ஒரு திருத்தம். நான் அஸ்தம்பட்டி வீட்டை விற்று லாரி வாங்கிவிட்டேன் என்றும், இனி அதிலேயே குடித்தனம் நடத்தி ஊர் ஊராகத் திரியப்போகிறேன் என்றும் பரமத்தி வேலூர்ச் சந்தையில் பேசிக்கொள்கிறார்களாம். வீட்டை விற்கவில்லை. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். லாரியும் வாங்கவில்லை. அந்த வண்டி உன் அப்பாவுடையது. அவர் போன பிறகு ஏழு வருஷமாக நம் கொட்டகையில் நிற்பதை நீயே பார்த்திருக்கிறாய். நான் வாங்கியது டயர்கள் மட்டும். புத்தி கலங்கியவள் டயர் வாங்குகிற விதத்தையும், நான் வாங்கிய விதத்தையும் கீழே படித்துவிட்டு, உன் ஊராருக்குச் சொல்லத் தோன்றினால் சொல்.

உன்னை வண்டியிலோ பஸ்ஸிலோ ஏற்றி அலைக்கக் கூடாது என்று நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். ஆகையால் பிரசவத்துக்கு நீ இங்கே வர முடியாது. நான்தான் அங்கே வர வேண்டும். ஆனால் உன் புக்ககத்து வாசற்படியை மிதிப்பதில்லை என்று நான் சொன்னது சொன்னதுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நான் தங்கும் வீட்டை நானே கொண்டுவருவதைத் தவிர வேறு வழி இல்லை. இதில் பைத்தியம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

உன் முதல் பிரசவத்துக்கு முன் நடந்த அந்த வளைகாப்பு நாளைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை. ஆனால் உன் மாமியார் அதை வேறு விதமாகச் சொல்லி வருவதாகக் கேள்வி. நான் பந்தியிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. பந்தியில் உட்காரவே இல்லை. உனக்கு வளையல் போட முன்னால் வந்த என்னை, அத்தனை பேர் நடுவில் அவர், "சம்பந்தியம்மா, நீங்க சித்த ஒதுங்கி நில்லுங்க சாமி, புள்ளைக்கு ஆகாது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஈயை ஓட்டுகிறவர்களும் சத்தம் போடுவதில்லை. மாப்பிள்ளை தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னை அழைத்துப் போக நான் வாடகைக்குக் கொண்டுவந்த கார், என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பின்கட்டில், அழுக்குத் துணியும் கழுவாத கையுமாக நடந்த பிரசவமும், குழந்தை தங்காததும் எனக்கு மூன்று வரிக் கார்டில் வந்தன. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இந்த முறை கார்டுக்காகக் காத்திருக்கப்போவதும் இல்லை.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். வெளியூரில் உத்தியோகஸ்தர்கள் தங்கும் முசாபரி பங்களாக்களின் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து உன் அப்பா லாரியின் அடிச்சட்டத்தின் மேல் தேக்குப் பலகையால் கட்டிய வீடு அது. ஜில்லா போர்டு ரோடுகளைப் பார்வையிட அதில்தான் போவார். இரண்டு கட்டில், கம்பிவலை போட்ட ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளே உண்டு. யானை எடை. முன்னால் இரண்டு டயர், பின்னால் பக்கத்துக்கு இரட்டையாக நான்கு.

நான் டயர் மாற்ற வேண்டும் என்றதும் உன் சித்தப்பா குமாரசாமி சிரித்தார். டயரெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது, ரோட்டைப் பிடிக்கிற பட்டன் தேயவில்லை, எதற்கு வீண் செலவு என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். காலால் ஓங்கி உதைத்துக் காட்டினார். இந்த ஜில்லாவில் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பரீட்சை அதுதான் போலிருக்கிறது. உதைக்குப் பதில் சொல்லாத டயர் நல்ல டயர்.

அத்தோடு நிற்கவில்லை. தான் எத்தனை அக்கறையாகப் பார்த்துக்கொண்டார் என்பதையும் பெருமையாகச் சொன்னார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு டயர்களைக் கழுவி, கோயில் சிலைக்குச் செய்கிற மாதிரி கடலை எண்ணெய் தேய்த்து மினுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தாராம். ரப்பருக்கு எண்ணெய் விஷம் என்று வண்டியோடு வந்த புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. அது இங்கிலீஷில் இருப்பதால் அவர் படங்களை மட்டும் பார்த்திருக்கிறார். நான் என் கொண்டை ஊசியை எடுத்து டயரின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினேன். வெந்த கிழங்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஏழு வருஷம் ஒரே இடத்தில் அத்தனை பாரத்தையும் சுமந்து நின்றதில் அடிப்பக்கம் வேறு தட்டையாகிவிட்டது. "அண்ணி, நானு நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க எண்ணெய் தேச்சேன்" என்றார். இந்தக் குடும்பத்தில் எனக்குத் தீங்கு செய்த எல்லோரும் நல்லது என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

பிறகு அவரே செவ்வாய்ப்பேட்டையில் சரவணமுத்து என்ற டயர் வியாபாரியிடம் அழைத்துப் போனார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த மனிதர் என் டிரைவர் செங்கோடனைப் பார்த்துப் பதில் சொன்னார். எவ்வளவு எடை தாங்கும் என்றேன். எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும் என்று செங்கோடனிடம் சொன்னார். 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்பது எத்தனை டன் என்று கேட்டேன். அம்மாவுக்கு நிழலில் நாற்காலி போடச் சொல்லி ஆளை அனுப்பினார்.

ஆறு டயர்களை உருட்டிக் காட்டினார்கள். கன்னங்கரேலென்று பளபளத்தன. புதிய ரப்பர் அவ்வளவு கறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. என் முந்தானையை நனைத்து ஒரு டயரை அழுத்தித் துடைத்தேன். வெள்ளைப் புடவையில் ஒரு சாண் அகலத்துக்கு மை ஏறியது. அடியில் பொடிப்பொடியாக வெடிப்பு. ஏதோ பஸ்ஸில் ஓடித் தேய்ந்ததற்கு மேலே ரப்பர் ஒட்டி, மை பூசி வைத்திருக்கிறார்கள். என் புடவையின் நிறத்தைப் பார்த்து என்னை ஒதுங்கச் சொன்னவர்கள் உண்டு. அந்த நிறத்தைப் பார்த்து ஒரு வியாபாரி ஒதுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் புடவையை வெளுக்கப் போடவில்லை. குமாரசாமி வீட்டுக்கு வரும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று கொடியில் தொங்குகிறது.

எடை தெரியாமல் டயர் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி. ஆகையால் வண்டியைப் பஞ்சு மில்லுக்குக் கொண்டுபோய் எடை மேடையில் ஏற்றச் சொன்னேன். அந்தப் பழைய நொண்டி டயர்களோடு நடை வேகத்தில்தான் போனோம். மேடைக் குமாஸ்தா, வண்டியைக் காலி செய்துவிட்டு ஏற்றுங்கள் என்றான். காலி வண்டியில் நான் வேலூர் போகப்போவதில்லை என்றேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அரிசி பருப்பு, விறகு, வெந்நீர் அண்டா எல்லாம் ஏற்றி, நானும் உள்ளே உட்கார்ந்துகொண்டேன். என்னோடு வரப்போகிற நர்ஸ் சுப்பம்மாளையும் உட்காரச் சொன்னேன். மிஷன் ஆஸ்பத்திரியில் பழகியவள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொட மாட்டாள். நல்ல கனமான பெண். எடை மேடை என்றதும் வெட்கப்பட்டு இறங்கப் பார்த்தாள். ஆள் ஆளாகச் சொல்ல மாட்டார்கள், மொத்தமாகத்தான் சொல்வார்கள் என்று சமாதானப்படுத்தினேன். முன் சக்கரங்களைத் தனியாகவும் பின் சக்கரங்களைத் தனியாகவும் போடச் சொன்னேன். குமாஸ்தா இதுவரை கேட்டிராத யோசனையாம். இத்தனை வருஷம் எதை எடை போட்டுச் சம்பளம் வாங்கினான் என்று கேட்கவில்லை.

பின்பக்கப் பாரம் நான் நினைத்ததைவிட அதிகம். குமாரசாமி அதைக் கேட்டதும், அப்படியானால் பெரிய டயராகப் போட்டுவிடலாம் என்றார். பெரிய டயர் போட்டால் பின்னால் இரட்டையாக இருப்பவை ஒன்றோடொன்று உரசும், உரசினால் சூடேறும், சூடேறினால் ராசிபுரம் தாண்டுவதற்குள் வெடிக்கும். அளவு பழையதேதான் இருக்க வேண்டும். உள்ளே நூல் துணி அடுக்கு அதிகமாக இருக்க வேண்டும். அதைச் சென்னைக் கம்பெனிக்கு நானே இங்கிலீஷில் எழுதி, எடைச் சீட்டையும் வைத்து அனுப்பினேன். பின்னால் நான்கு மட்டும் வாங்கிக்கொண்டு முன்னால் பழையதே ஓடட்டும் என்று உன் சித்தப்பா கடைசியாக ஒரு யோசனை சொன்னார். முன் டயர் வெடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் யோசிக்கிறார்.

அந்த டயருக்கும் ஓர் எல்லை உண்டு. கம்பெனிக்காரர்கள் ஒழுங்காக எழுதியிருந்தார்கள், இவ்வளவுக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று. ஆகையால் சாமான்களைக் குறைத்தேன். உன் அப்பாவின் அளவைச் சங்கிலிகள், கல் மாதிரிகள் அடைத்த இரும்புப் பெட்டி, சாய்வு நாற்காலி, பெரிய அலமாரி எல்லாம் இறங்கிவிட்டன. என் கட்டிலையும் இறக்கிவிட்டேன்; நான் பாயில் படுப்பேன். இதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம், எடைக் கணக்கு. உனக்கான கட்டில் இருக்கிறது. எனாமல் பேசின்கள், வேகவைத்துக் காயவைத்த துணிகள், கிருமியைக் கொல்லும் லைசால், பெட்ரோமாக்ஸ் விளக்கு இரண்டு, எல்லாம் இருக்கின்றன. வலி கண்டதும் நீ உன் வீட்டிலிருந்து பத்தடி நடந்து வண்டிக்குள் வந்தால் போதும். அங்கே ஒதுங்கி நிற்கச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான்.

போன வாரம் டயர்கள் ரயிலில் வந்து சேர்ந்தன. ஈர முந்தானையால் ஆறையும் துடைத்துப் பார்த்தேன்; ஒன்றும் ஒட்டவில்லை. மாட்டி, எடைக்குத் தக்க காற்று அடித்து, முழுப் பாரத்தோடு மல்லூர் வரை போய்த் திரும்பினோம். நின்றதும் நானே இறங்கி, இரட்டை டயர்களுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். காய்ச்சல் விட்டபின் உன் நெற்றி இருக்குமே, அந்த மாதிரி. செங்கோடன் ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டு, "வேலூரு என்னங்கம்மா, காசிக்கே போலாமுங்க" என்றான். காசிக்குப் போகும் உத்தேசம் இல்லை என்றேன்.

எனவே வண்டி தயார். ஒரே ஒரு விஷயம் பாக்கி. அதற்காகத்தான் இவ்வளவும்.

நேற்று உன் ஊரிலிருந்து வெற்றிலை லாரி ஓட்டிவரும் ரங்கன் வந்திருந்தான். கேட்காததையும் சொல்கிறவன். "ஏனுங்கம்மா, உங்க மாப்பிள்ளை மருதாசலம் ஊட்டுக்குப் பக்கத்துல, வாய்க்கால் ஓரமா, வண்டி வண்டியாச் சரளை கொட்டி இடிக்கறாருங்க. அவங்கம்மா திட்டத் திட்ட அவரு பாட்டுக்கு இடிக்கறாருங்க. எதுக்குன்னா வாயே தெறக்கறதில்லீங்க" என்றான்.

மாப்பிள்ளை வாய் திறக்காதது எனக்குப் புதிய செய்தி அல்ல. சேற்று மண்ணில் வெறும் சரளையைக் கொட்டினால் என் வண்டியின் பாரத்துக்கு அது ஒரு பொழுதில் உள்ளே போய்விடும். அடியில் பெருங்கல் பரப்பி, அதன் மேல் சரளை போட்டு, தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். ஒரு ரோடு இஞ்சினீயரின் மருமகனுக்கு இது தெரிந்திருக்கலாம். தெரியாவிட்டால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டு.

ஆனால் அவர் அதை யாருக்காக இடிக்கிறார் என்று ரங்கனுக்குத் தெரியவில்லை. வெற்றிலை லாரி வந்து நிற்பதற்காக இருக்கலாம். அப்படியானால் நல்லது, வியாபாரம் செழிக்கட்டும். வேறு ஏதாவது காரணம் என்றால், அது அவராகச் செய்வதா, நீ சொல்லிச் செய்வதா என்று எனக்குத் தெரிய வேண்டும். அவர் கார்டில் மழையைப் பற்றி எழுதினாரே தவிர இதை எழுதவில்லை. நீயோ அந்த நாளுக்குப் பிறகு எதையுமே எழுதவில்லை. அழைக்காத இடத்துக்கு வீட்டையே கொண்டுவந்து நிறுத்தினால், அதுவும் படியை மிதித்ததாகத்தான் கணக்கு.

மாடிப்படி ஏறாதே. கிணற்றடிக்குப் போகாதே. கால் வீங்குகிறதா என்று தினமும் பார். பயப்படாதே. நீயும் உன்னோடு இருப்பதும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நான் காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்பது என் சொந்த விஷயம்.

மாப்பிள்ளையை எழுதச் சொல்லாதே. ரங்கனிடம் வாய்மொழியாகவும் சொல்லி அனுப்பாதே. நான் வரலாமா என்பதை உன் கையால் ஒரு கார்டில் எழுதித் தபாலில் போடு.

உன் அம்மா,
சௌந்திரம்