கார்டில் ஏறிய பெயர்

ஆறாம் கட்டைத் தோட்டம், தாப்பா
4.3.1978

அன்புத் தங்கை நவமணிக்கு,

உன் நலத்துக்கு மாரியம்மன் துணை. போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி ராக்காயி அக்கா லயத்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தாள். பால் குடித்தால் பிள்ளைக்கு உதடு நீலமாகிறது. ஆஸ்பத்திரியில் காட்டினோம். இருதயத்தில் ஓட்டையாம். கோலாலம்பூரில் அறுவை செய்ய வரிசையில் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டுமாம்.

"அதுவரைக்கும் தாங்குமா டாக்டர்?" என்று உன் மாமா கேட்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

சீனி என்று கூப்பிடுகிறோம். பிறப்பைப் பதிய இன்னும் மனம் வரவில்லை.

அக்காள்,
வீரம்மா


குனோங் ராபாட், ஈப்போ
8.3.1978

அன்பு அக்காவுக்கு,

படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இவர் கம்பெனியில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு இன்சூரன்ஸ் கார்டு கொடுக்கிறார்கள். பிறந்து முப்பது நாளுக்குள் பெயர் கொடுத்தால் என்ன நோய் என்று கேட்கமாட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரி, உடனே அறுவை. ஆனால் பிறப்புப் பத்திரத்தில் பெற்றவர்களாக எங்கள் பெயர் இருக்க வேண்டும்.

நான் உன் வீட்டுக்கு வந்து பிள்ளை பெற்றேன் என்று ராக்காயி அக்கா சொன்னால் போதும். எட்டு வருஷமாக எனக்கு ஒன்றும் தங்கவில்லை என்பது கம்பெனிக்குத் தெரியாது.

வெறும் காகிதம்தானே அக்கா. சனிக்கிழமை வாரோம். வேறு யாரிடமும் சொல்லிவிடாதே.

நவமணி


தாப்பா
15.3.1978

அன்பு நவமணி,

நீங்கள் பிள்ளையைத் தூக்கிப்போன அன்று இரவே பால் கட்டிக் காய்ச்சல். இன்னும் வேலைக்குப் போகவில்லை.

பதிவு அலுவலகத்தில் "தாய் யார்?" என்றதும் நீ சட்டென்று கையைத் தூக்கினாய். மாமா வெளியே போய்விட்டார். ராக்காயி அக்கா வரும் வழியெல்லாம், "தப்பு பண்ணிட்டோம்லா வீரம்மா. பொறப்புச் சூராட்டுல எழுதினது எழுதினதுதான்" என்று புலம்பினாள்.

அறுவை என்றைக்கு? நான் வந்து பக்கத்தில் இருக்க வேண்டும்.

வீரம்மா


ஈப்போ
2.5.1978

அக்கா,

அறுவை நல்லபடியாக முடிந்தது. உதடு சிவந்துவிட்டது. அறுவை நாளை முன்பே எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரியில் தாய் ஒருத்தியைத்தான் உள்ளே விடுகிறார்கள்.

மாதாமாதம் கார்டோடு போய்க் காட்ட வேண்டும். கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும். பத்திரத்தில் ஜெயசீலன் என்று எழுதியிருப்பதால் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம். நீ தைத்து அனுப்பிய சட்டைகள் பத்தவில்லை. இனிமேல் அனுப்ப வேண்டாம்.

நவமணி


தாப்பா
18.1.1981

நவமணிக்கு,

கொஞ்ச நாள் என்றாய், மூன்று வருஷம் ஆகப்போகிறது. வரட்டுமா என்று கேட்ட கடிதங்களுக்கெல்லாம் பதில் இல்லை. அதனால்தான் நேற்று கேட்காமலே பஸ் ஏறி வந்தேன்.

உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது யாரு?" என்றான். "தோட்டத்துல இருந்து வந்தவங்கடா" என்றாய். காப்பி கொடுத்தாய். பஸ் நேரத்தை நீயே சொன்னாய்.

மாதக் கடைசிக்குள் என் பிள்ளை வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் ராக்காயி அக்காவோடு போய் பதிவு அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஜெயிலானாலும் சரி.

வீரம்மா


ஈப்போ
24.1.1981

அக்கா,

தாராளமாகப் போ. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போ. ஐந்து வயதில் அவனுக்கு இன்னொரு அறுவை இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ வாய் திறந்த அன்றைக்கே கார்டு ரத்தாகும். அப்புறம் எந்த வரிசையில் அவன் பெயரை எழுதுவாய்?

பார்க்க வேண்டுமானால் பெரியம்மாவாக வா. கதவைச் சாத்தமாட்டேன்.

நவமணி


தாப்பா
8.2.1981

நவமணி,

செவ்வாய்க்கிழமை போனோம், ராக்காயி அக்காவும் நானும். நம்பர் கொடுத்து பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

இரண்டாவது அறுவை என்று நீ எழுதியது நிஜமோ பொய்யோ, எனக்குத் தெரியாது. டாக்டரிடம் போய்க் கேட்டால், நீ யாரம்மா என்பார். பொய்யாக இருந்தால் என் பிள்ளை எனக்கு வருவான். நிஜமாக இருந்தால் யாருக்குமே இருக்கமாட்டான். உன்னைச் சோதித்துப் பார்க்க அவன் உயிரையா நான் வைப்பது?

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். "வீரம்மா, உன்னைத்தான்லா" என்று அக்கா தோளைத் தொட்டாள். "வேற யாரையோ கூப்பிடுறாங்க" என்றேன். மறுபடியும் கூப்பிட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போனார்கள்.

நான் இப்படித்தான் செய்வேன் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். ஒரே வயிற்றில் பிறந்தோம், என்னை நன்றாக அறிந்து வைத்திருக்கிறாய்.

ஓடி விளையாடும்போது மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
ஜெயசீலனின் பெரியம்மா
வீரம்மா