எட்டுப் பேருக்கு ஏழு ரொட்டி

மார்ச் 4, செவ்வாய்

எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். இடுப்புக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் உத்தரவு. பேத்தியின் பழைய நோட்டில் மிச்சப் பக்கங்கள் இருந்தன. நாலாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வருகிறது. படிக்கப் போவது நான்தானே.

இடது இடுப்பு. காலையில் எழுந்தவுடன். படி இறங்கும்போது. வலிக்கிறதா என்று யாராவது கேட்டு, நான் இல்லை என்று சொல்லும்போது இன்னும் கொஞ்சம்.

மார்ச் 5

பிறவியிலேயே எனக்கு இடது கால் குட்டை. முக்கால் அங்குலம். இடது செருப்புக்கு அடியில் அந்த முக்கால் அங்குலத்தைக் கூடுதலாக வைத்துத் தைத்துவிட்டால் நேராக நடப்பேன். இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு எனக்குக் கால் குட்டை என்பதே தெரியாது. போன மாதம் ரோட்டைக் கடக்கும்போது அந்த அடித்தட்டு பெயர்ந்து விழுந்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சிட்டு வந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிற பேத்தி. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. பஸ் டிரைவர் சரியான நேரத்தில் பிரேக்கை மிதித்தார். அவர் முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது, எங்கே பார்த்தாலும் கும்பிடுவேன்.

அன்றிலிருந்து மகன்தான் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறான். "நீ நேரா நடக்கற வரைக்கும் ரோட்டுப் பக்கம் வேண்டாம்மா" என்றான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டான்.

பள்ளிக்கு நடக்கும்போதுதான் சிட்டு என்னிடம் எல்லாவற்றையும் சொல்வாள். ஸ்கூட்டரில் அப்பன் முதுகைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்?

மார்ச் 7

எனக்கு எப்போதும் செருப்புத் தைத்துத் தருகிறவருக்குக் கண் போய்விட்டது. கடையை அவர் மருமகள் பார்க்கிறாள். அடித்தட்டை இப்போது மெஷின் வெட்டுகிறதாம். போனில் அளவு கேட்டாள்.

"முக்கால் அங்குலம்மா."

"மெஷினுக்கு முக்கால், அரைக்கால் எல்லாம் புரியாதும்மா. புள்ளி வெச்சுச் சொல்லுங்க."

முக்காலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும். மேலே மூன்று, கீழே நாலு. நடுவில் கோட்டுக்குப் பதிலாகப் புள்ளி கேட்கிறாள், அவ்வளவுதானே.

"புள்ளி மூணு நாலு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

மார்ச் 12

செருப்பு வந்தது. நல்ல தையல், நல்ல தோல். போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தேன். மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தே, சாயறீங்க."

"நான் ஒண்ணும் சாயல. உன் வாசக்கால்தான் கோணல்."

சாயங்காலம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

மார்ச் 13

வலி. நான் கேட்காமலே மருமகள் வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைத்தாள். வாசக்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன். அவள் மேல் எனக்கு இருக்கும் பழைய வருத்தங்கள் அப்படியே இருக்கின்றன, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 14

பயிற்சிப் பெண் புதுச் செருப்பின் அடியை அளந்து பார்த்தாள்.

"இது முக்கால் இல்லம்மா. பாதிகூட இல்ல. யாரு அளவு குடுத்தாங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலுக்கு அடியில் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி, நிற்கச் சொல்லிப் பார்த்தாள். விழுந்ததில் இடுப்பு கொஞ்சம் இறங்கிவிட்டதாம். இனிமேல் முக்கால் போதாது, முக்காலும் அரைக்காலும் சேர்ந்து வேண்டும் என்றாள். சீட்டில் எழுதியும் கொடுத்தாள். மேலே ஏழு, கீழே எட்டு.

"இது சரியா வந்துடுச்சுன்னா, நீங்க ரோட்டக் கடக்கலாம்னு நானே உங்க பையன்கிட்ட சொல்றேன்."

"வரலேன்னா?"

"இன்னொரு தடவ தப்பான செருப்புல நடந்தா இடுப்பு தாங்காது. அப்புறம் வாக்கர்தான்மா."

வாக்கரைப் பிடித்துக்கொண்டு சிட்டுவின் கையை எந்தக் கையால் பிடிப்பது?

மார்ச் 15

ஏழுக்குக் கீழே எட்டு. போன தடவை மாதிரி புள்ளி ஏழு எட்டு என்று சொல்லிவிட்டால்? அது தப்பு என்று மட்டும் தெரிகிறது. எது சரி என்று தெரியவில்லை. செருப்புக்காரரின் மருமகளிடம் கேட்கலாம், ஆனால் புள்ளி மூணு நாலு என்று நான் அடித்துச் சொன்னதே அவளிடம்தான். மகனிடம் கேட்டால், தன் கால் அளவே தெரியாத அம்மாவிடம் பிள்ளையை எப்படி விடுவது என்பான். மருமகளிடமோ பயிற்சிப் பெண்ணிடமோ சொன்னால் அது மகனிடம் சொன்ன மாதிரிதான்.

மிச்சம் இருப்பது நாத்தனார். அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். நூல் மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அவளிடம் நான் எப்படிக் கேட்பேன்?

என் வீட்டுக்காரரின் தங்கை ஆவதற்கு முன்னால் அவள் என்னோடு நாலாம் வகுப்பில் படித்தவள். வாத்தியார் பலகையில் ஒரு வட்டம் போட்டு நாலாகப் பிரித்தார். கால், அரை என்று சொல்லிவிட்டு முக்காலுக்கு வந்தார். ஜன்னல் ஓரத்து இரண்டாவது பெஞ்சில், பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு பல்பம் தின்றுகொண்டிருந்த இவள் சொன்னாள்: "சார், நம்ம கிளாஸ்லயே ஒரு முக்கால் இருக்கு." வாத்தியாரே சிரித்தார். அதற்கப்புறம் எனக்கு அதுதான் பேர். பின்னக் கணக்கு நடந்த நாட்களில் எல்லாம் நான் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருடம் முடிந்ததும் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அழவில்லை. சந்தோஷமாக நின்றேன், அதுதான் கொடுமை. இப்போது ஒரு செருப்புக்காக அவ வாசல்ல போய் நான் நிக்கணுமா? எதுக்கு நிக்கணும்?

மார்ச் 16, ஞாயிறு

நான் போகவில்லை. அவளே வந்தாள், எல்லா ஞாயிறும் வருகிற மாதிரி. வாசலில் கிடந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, அடி இவ்ளோ ஒல்லியா இருக்கு?"

சொல்லித் தொலைத்தேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏழு ரொட்டி இருக்கு. எட்டுப் பேருக்குப் பங்கு போடணும். ஆளுக்கு முழுசா ஒண்ணு வருமா?"

"யாரு அந்த எட்டுப் பேரு?"

"யாரா இருந்தா என்ன?"

"ஆள் தெரியாம நான் பங்கு போட மாட்டேன்."

பென்சிலை வைத்துவிட்டாள். "சரி, நீயே சொல்லு."

நான், மகன், மருமகள், சிட்டு, என் தம்பி, பயிற்சிப் பெண், பஸ் டிரைவர் என்று விரல் விட்டேன்.

"ஏழுதான் ஆச்சு. உன் தம்பி பொண்டாட்டி?"

"அவளுக்குக் கிடையாது. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப எட்டிக்கூடப் பாக்கல."

"அப்ப ஏழு ரொட்டி, ஏழு பேரு. ஆளுக்கு ஒண்ணு. கணக்கு முடிஞ்சுது. ஒரு அங்குலம்னு சொல்லி வாங்கிப் போட்டுக்கிட்டு ரோட்டுல குப்புற விழு."

பென்சிலை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன்.

"எட்டாவதா நீ இருந்துக்கோ" என்றேன். "கணக்குக்காக."

"கணக்குக்காகத்தான்" என்றாள்.

ஆளுக்கு முழு ரொட்டி வராது. அதனால் பூஜ்யம் போட்டு ஒரு புள்ளி. இப்போது ஒவ்வொரு ரொட்டியையும் பத்துத் துண்டாக்கு. எழுபது துண்டு. ஆளுக்கு எட்டு கொடுத்தால் ஆறு மீதி. அந்த ஆறையும் பத்துப் பத்தாகக் கிள்ளு. அறுபது. ஆளுக்கு ஏழு, நாலு மீதி. அதையும் கிள்ளினால் நாற்பது. ஆளுக்கு ஐந்து. மீதி இல்லை, கை சுத்தம்.

"புள்ளி எட்டு ஏழு அஞ்சு" என்று எழுதினாள்.

"எண்ணூத்தி எழுபத்தஞ்சா? மாடி உசரம் வந்துடாதா?"

"புள்ளிக்கு அந்தப் பக்கம் நூறு, ஆயிரம் எல்லாம் கிடையாது. எட்டு பெரிய துண்டு, ஏழு சின்னத் துண்டு, அஞ்சு வெறும் தூளு. எவ்ளோ நீளமா எழுதினாலும் ஒரு முழு ரொட்டியத் தாண்டாது."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? இதற்காகவா காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்?

கேட்டேவிட்டேன். "நாலாங்கிளாஸ்ல நீ என்னை என்னன்னு கூப்பிட்டேன்னு ஞாபகம் இருக்கா?"

யோசித்தாள். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தாள். "இல்லியே. என்னன்னு?"

சொன்னேன்.

பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள். "சொல்லியிருப்பேன்" என்றாள் கடைசியில். "நான் அப்படித்தான் இருந்தேன்."

மார்ச் 17

காலையில் தனியாக உட்கார்ந்து முக்காலைப் போட்டுப் பார்த்தேன். மூன்று ரொட்டி, நாலு பேர். முப்பது துண்டில் ஆளுக்கு ஏழு, மீதி இரண்டு. இருபதில் ஆளுக்கு ஐந்து. புள்ளி ஏழு ஐந்து. நான் சொல்லியிருந்தது புள்ளி மூன்று நாலு. அடிப்பாவி.

செருப்பைக் கொடுத்தனுப்பிவிட்டு, கடைக்கு போன் செய்தேன்.

"புள்ளி எட்டு ஏழு அஞ்சு."

"நிச்சயந்தானேம்மா? திரும்பத் திரும்பப் பிரிச்சா தோலு கிழிஞ்சுடும்."

"ஆளாளுக்குப் பங்கு போட்டாச்சு. நீ வெட்டு."

மார்ச் 21

வந்துவிட்டது. கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. கண்ணாடியில் இரண்டு தோளும் ஒரே மட்டம். மருமகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாசக்கால் நேராயிடுச்சு போல, அத்தே."

அவளுக்கும் வாய் இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

வலி இல்லை. இரண்டு தரம் எழுதலாம். வலி இல்லை.

நாத்தனாரிடம் நன்றி சொன்னேன். டம்ளரைக் கையில் கொடுக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல். "எதுக்கு?" என்றாள். "ரொட்டிக்கு" என்றேன். மன்னிக்கவில்லை. நன்றி வேறு, அது வேறு. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

மார்ச் 28

பயிற்சிப் பெண் மகனை உட்காரவைத்து என்னை நடக்கச் சொன்னாள். போனேன், திரும்பினேன், படி ஏறி இறங்கினேன். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொத வாரம் மட்டும் அத்தையும் கூட வரட்டும்மா" என்றான். எனக்கு நாத்தனார் அவனுக்கு அத்தையாயிற்றே. எரிச்சலாக வந்தது. சரி என்றேன். வேறு எதையாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வானேன்?

மார்ச் 31, திங்கள்

சிட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் உட்காருகிற பெண் அவள் ரப்பரைக் கடித்துவிட்டாளாம், டீச்சர் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாளாம், இன்னும் என்னென்னவோ. இத்தனை நாள் சேர்த்து வைத்தது எல்லாம். ரப்பரைக் கடித்தவள் பேரைக் கேட்டு மனசில் போட்டுக்கொண்டேன்.

ரோட்டு முனைக்கு வந்ததும் பின்னாலிருந்து குரல். நாத்தனார் தொலைவில், ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் போ அண்ணி. என் முட்டி கேக்க மாட்டேங்குது."

என்னிடம் இப்படிச் சொன்னவர்கள் இதுவரை யாரும் இல்லை.

சிட்டு கையை இழுத்தாள். "பாட்டி, மணி அடிச்சுடும்."

"அடிக்கட்டும், அவ வரட்டும்" என்றேன். நின்றோம். அவள் வந்து என் வலது தோளில் கையை ஊன்றிக்கொண்டாள். மூன்று பேருமாக ரோட்டைக் கடந்தோம்.